எரியாத விளக்கின் சாட்சியம்

இல்லாத ஒன்றை அறிய முடியுமா என்னும் வினா, முதற்பார்வைக்குப் பொழுது போகாதவர்களின் வினாவாகத் தோன்றினாலும், பாரத தேசத்தின் தர்க்க சாஸ்திரங்கள் பல நூற்றாண்டுகளாக விடாது பற்றி விசாரித்து வந்த வினாக்களுள் ஒன்றாகும். தரையில் குடம் இல்லை என்கிறோம். கண் தரையைக் காண்கிறது; குடத்தைக் காணவில்லை; அப்படியானால் ‘இல்லை’ என்பதைக் கண்டது எது? 7ஆம் நூற்றாண்டினரான குமாரில பட்டர், காட்சிக்கும் அனுமானத்துக்கும் அகப்படாத இவ்வறிவுக்கென்று அனுபலப்தி என்னும் தனிப் பிரமாணத்தையே வகுத்துக் கொடுத்தார். அதே மீமாம்சை மரபில் நின்ற பிரபாகரரோ, வெறுந்தரையைக் கண்ட காட்சியே போதும், அதற்குமேல் குடத்தின் இன்மை என்று ஒரு பொருளைக் கற்பித்து அதற்கொரு பிரமாணமும் தேடுவது வீண் பிரயாசை என்றார். நையாயிகர்கள் இன்மையை ஒரு பதார்த்தமாகவே ஒப்புக்கொண்டு, அதைக் கண்ணே காண்கிறது என்று சாதித்தனர். தமிழிலும் இவ்விசாரம் புதிதன்று. மணிமேகலையில் சமயக்கணக்கர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில் வைதிகவாதி எண்ணிச் சொல்லும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனைய அளவைகளை அடக்கிக் காட்டும்போதும், அபாவத்தையும் ஒழிபையும் பெயர் சொல்லி எண்ணிய பின்னரே அடக்குகிறார்.

இந்த விசாரம் இன்று உயிரோடு நடைபெறும் இடம் எது என்று என்னைக் கேட்டால், பாடசாலைகளையோ பல்கலைக்கழகங்களையோ சுட்டாமல், சங்கரன்கோவிலில் ராஜபாளையம் செல்லும் சாலையோரத்து வயரிங் பட்டறைகளைத்தான் சுட்டுவேன். விசைத்தறிகளின் ஓசையும் பூ மார்க்கெட்டின் மணமும் கலந்த அவ்வூரில், மல்லிகைக் கூடைகளை விடியுமுன் ஏற்றிச் செல்லும் வேன்களும், நூல் மூட்டை சுமக்கும் சிறு லாரிகளும், ஆடித் தபசு நாட்களில் சுற்றுக் கிராமங்களிலிருந்து அடியார்களைக் கொணரும் வண்டிகளும் இடையறாது ஓடிக்கொண்டிருக்கையில், அவற்றுள் ஏதேனும் ஒன்றின் இண்டிகேட்டர் எரியவில்லை என்னும் வழக்கு நாள்தோறும் அப்பட்டறைகளை வந்தடைகிறது. கவனித்துப் பார்த்தால், வண்டிக்காரர் அங்கே கொண்டுவந்து நிறுத்துவது ஒரு பொருளையன்று, ஓர் இன்மையை. எரிய வேண்டிய இடத்தில் எரியாமையை. அவ்வின்மைக்கு ஒரு காரணம் உண்டு என்றும், அக்காரணமும் பெரும்பாலும் மற்றோர் இன்மையே என்றும், அறுந்த இடத்திலோ துருவேறிய இடத்திலோ அது கண்ணுக்குப் புலப்படாமல் ஒளிந்திருக்கிறது என்றும் கொண்டு, பட்டறைக்காரர் தம் வேலையைத் தொடங்குகிறார்.

மின்சாரம் செல்லும் பாதை எளியது. பேட்டரியிலிருந்து புறப்பட்டுச் சாவிச் சுவிட்சையும் பியூசையும் கடந்து பிளாஷருக்கு வருகிறது. பிளாஷர் அதனை விட்டுவிட்டு அனுப்புகிறது. ஸ்டியரிங்கின் அருகிலுள்ள சுவிட்ச் அதனை இடமாகவோ வலமாகவோ திருப்புகிறது. அப்புறத்து விளக்குகளுள் புகுந்து எரித்தபின், வண்டியின் இரும்புடலையே வழியாகக் கொண்டு பேட்டரிக்குத் திரும்புகிறது. திரும்பும் இந்த வழியைப் பட்டறையில் எர்த் என்பார்கள். கார்களிலும் வேன்களிலும் பேட்டரியின் அழுத்தம் 12 வோல்ட். பஸ்களிலும் பெரிய லாரிகளிலும் 24. ஒரு புறத்துக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக 21 வாட் பல்புகள் இரண்டு. 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் வாங்கும். இரண்டும் சேர்ந்து 3.5. ஒழுங்காக இருக்கும் வண்டியில் நிமிஷத்துக்கு 60 முதல் 120 முறை விளக்கு சிமிட்டும்.

இனி, ஒரு வேனின் இடப்புற விளக்கு வழக்கத்தைவிட இருமடங்கு வேகமாகச் சிமிட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்தபடியே, இடப்புறத்துப் பல்புகளுள் ஒன்று போய்விட்டது என்று பட்டறைக்காரர் இறங்கிப் பாராமலே கூறுவார். ஒரு பல்பின் இழை அறுந்தால் மின்னோட்டம் பாதியாகக் குறைகிறது. அக்குறைவை உணரும் எலக்ட்ரானிக் பிளாஷர் தன் துடிப்பை விரைவுபடுத்துகிறது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் அனுமானம் நமக்குப் பழகியது. இங்கே நிகழ்வதோ, ஒன்றன் மிகையைக் கண்டு வேறொன்றன் இன்மையை ஊகிப்பது. ஆயினும் இந்த அனுமானம் எல்லா வண்டிக்கும் செல்லாது. உலோகத் தகடு சூடேறி வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பழைய மாதிரிப் பிளாஷர் உள்ள வண்டியில், ஒரு பல்பு போனால் தகடு சூடேறப் போதிய மின்னோட்டம் கிடைக்காமையால், மீதமுள்ள விளக்கு மெதுவாகச் சிமிட்டும், அல்லது சிமிட்டாமலே நின்று எரியும். ஒரே இன்மைக்கு ஒரு வண்டியில் வேகமும் மற்றொரு வண்டியில் அசைவின்மையும் அடையாளமாகின்றன. அதுமட்டுமன்று: அழகுக்காக எல்.இ.டி. பல்புகளை வாங்கி மாட்டிக்கொண்டவருடைய வண்டியில், எந்த விளக்கும் பழுதுபடாமலே, அவை மிகக் குறைந்த மின்னோட்டம் வாங்குகின்ற காரணத்தால், பிளாஷர் ஏமாந்து விரைந்து துடிக்கும். நெருப்பிலிருந்து புகையை ஊகிக்கப் புகுவோனை நோக்கி, ஈர விறகு என்னும் உபாதி இருந்தாலன்றி உன் அனுமானம் நில்லாது என்று நையாயிகர்கள் எச்சரித்தது நினைவுக்கு வருகிறது. வேகமாகச் சிமிட்டினால் பல்பு போயிற்று என்பதும், இழைப் பல்பு என்னும் உபாதிக்கு உட்பட்ட உண்மையே.

ஆனால் என் எண்ணத்தை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது அனுமானமன்று. பட்டறையில் டெஸ்ட் லாம்ப் என்று வழங்கும் அற்பமான அந்தக் கருவி. ஒரு ஹோல்டரில் சிறு பல்பு. அதிலிருந்து இரண்டு வயர்கள். ஒன்றின் நுனியில் எர்த்தைக் கவ்வும் கிளிப், மற்றதன் நுனியில் கூரிய ஊசி. ஊசியை வயரில் வைத்தால் மின்சாரம் உள்ள இடத்தில் பல்பு எரியும். இல்லாத இடத்தில் எரியாது. ஒருநாள் அத்தகைய பட்டறை ஒன்றில் நின்றிருந்தபோது, வேலை பழகும் பையன் பூ வேன் ஒன்றின் அடியிலிருந்து தலையை நீட்டி, “அண்ணே, பிளாஷருக்கே கரண்ட் வரலண்ணே” என்று தீர்ப்புக் கூறினான். மூத்தவர் தம் கையிலிருந்த வேலையினின்று நிமிராமலே, “லே, மொதல்ல லாம்பப் பேட்டரில வச்சுப் பாத்தியால?” என்று கேட்டார். பையன் பார்க்கவில்லை. கிளிப்பைக் கொண்டுபோய்ப் பெயிண்ட் பூசிய இடத்தில் மாட்டியிருந்தான். பல்பு எவ்விடத்திலும் எரியப்போவதில்லை. சுரண்டிய இரும்பில் மாட்டி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஊசியைத் தொட்டுப் பல்பு எரிவதைக் கண்டபின் மறுபடி பார்த்தபோது, பிளாஷருக்கு மின்சாரம் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது.

மூத்தவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் அனுபலப்தி விசாரத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. காணாமை மாத்திரம் இன்மைக்குப் பிரமாணமாகாது; இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்று சொல்லத்தக்க நிலையில் நான் இருந்து, அந்நிலையிலும் காணாதிருந்தால்தான் இல்லை என்னும் அறிவு பிறக்கும். இதனைச் சாஸ்திரக்காரர்கள் யோக்கியானுபலப்தி என்றனர். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லும் அதிகாரம் பெறுவதில்லை. பௌத்த தர்க்கத்தின் பேராசிரியரான தர்மகீர்த்தி, காணத்தக்க பொருளின் காணாமை இன்மையை நிச்சயிக்கும் என்றும், காணத்தகாத பொருளின் காணாமை சந்தேகத்தை மட்டுமே தரும் என்றும் பிரித்துரைத்தார். சமயத்தால் எதிரெதிர் நின்ற பலரும் இவ்விடத்தில் ஒன்றுபடுவது வியப்பே. எரியாத டெஸ்ட் லாம்ப் சாட்சி சொல்ல வேண்டுமானால், அது எரியவல்லது என்பது முன்னரே நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உள்ள பொருள் காணப்படாமற்போவதற்கு ஈசுவர கிருஷ்ணர் சாங்கிய காரிகையில் எட்டுக் காரணங்களை எண்ணுகிறார்: மிகு தொலைவு, மிகு நெருக்கம், இந்திரியத்தின் ஊனம், மனத்தின் சிதறல், பொருளின் நுண்மை, இடையே மறைப்பு, வலியதொன்றால் அடங்கிப்போதல், தன்னையொத்தவற்றுள் கலந்துபோதல். பட்டறையில் சில நாழிகை நிற்பவர் இவ்வெட்டனுள் பெரும்பாலானவற்றைக் கண்முன் காணலாம். நடுப்பகல் வெயிலில் மங்கலாக எரியும் இண்டிகேட்டர் எரியாததுபோலத் தோன்றுவது, வலிய ஒளியால் அடங்கிப்போதல். ஆகவே பட்டறைக்காரர் கையால் நிழல் செய்து பார்க்கிறார். ஹோல்டரின் அடியில் படிந்த பச்சைக் களிம்பு, இடையே மறைப்பு. ஒரே நிற வயர்கள் பத்துச் சேர்ந்த கட்டினுள் அறுந்தது எது என்று தெரியாமை, ஒத்தவற்றுள் கலந்துபோதல். மனத்தின் சிதறலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் பேசிக்கொண்டே வயர் தேடுபவரைக் கண்டிருக்கிறோம்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. காணப்படுவதனால் உண்டு என்று கொள்வது. டிஜிட்டல் மீட்டரை வயரின் நுனியில் வைத்தால் 12 வோல்ட் என்று காட்டுகிறது. பல்பை மாட்டினால் எரியவில்லை. வயரின் உள்ளே இருபது இழைகள் இருந்த இடத்தில் பத்தொன்பது அறுந்து, எஞ்சிய ஒன்றும் களிம்பேறி இற்றுப்போயிருந்தாலும், ஏறக்குறைய ஒரு கோடி ஓம் தடையுள்ள மீட்டர், மின்னோட்டம் என்று சொல்லத்தக்க எதையும் வாங்காமல் வோல்ட்டை மட்டும் அளப்பதால், குறையொன்றும் இல்லை என்றே கூறும். பல்போ தன் பங்குக்கு மின்னோட்டத்தைக் கேட்கிறது. கேட்ட மாத்திரத்தில் அந்த ஒற்றை இழையின் வறுமை வெளிப்பட்டு வோல்ட் சரிந்துவிடுகிறது. ஆகையால் முதியவர்கள் மீட்டரைவிட டெஸ்ட் லாம்பையே நம்புகிறார்கள். கம்ப்யூட்டர் பெட்டி வைத்த புது வண்டிகளில் கண்ட வயரில் எல்லாம் அதனைக் குத்தினால் பெட்டியே பழுதாகும் என்பது வேறு விஷயம். எதனையும் சுமத்திப் பாராத காட்சி எதனையும் நிரூபிப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் எந்தத் தர்க்க நூலிலும் கண்டதில்லை.

இவற்றையெல்லாம்விட நுட்பமானது எர்த்தின் பழுது. வண்டியின் பின்புறத்தில் இண்டிகேட்டர், டெயில் லாம்ப் என்று ஒரே கூட்டினுள் இருக்கும் விளக்குகளுக்குப் பல வண்டிகளில் எர்த் வயர் ஒன்றுதான். அது துருவேறி விட்டுப்போனால், இண்டிகேட்டர் பல்பினுள் வந்து சேர்ந்த மின்சாரம் திரும்பும் வழியின்றி, அருகிலுள்ள டெயில் லாம்பின் இழைக்குள் பின்னோக்கிப் புகுந்து, அதன் வயர் வழியே மறுபுறத்து டெயில் லாம்பை அடைந்து, அங்குள்ள எர்த்தைப் பற்றிக்கொண்டு திரும்புகிறது. விளைவு விசித்திரமானது: சிமிட்ட வேண்டிய இண்டிகேட்டர் கிட்டத்தட்ட இருண்டு கிடக்க, சிமிட்டக் கூடாத டெயில் லாம்புகள் மங்கலாகச் சிமிட்டுகின்றன. வண்டிக்காரர் இரண்டு நோய்களை முறையிடுகிறார். எரியாததன்மேல் ஒரு குறை, எரிவதன்மேல் ஒரு குறை. அனுபவமில்லாதவர் எரிகின்ற விளக்கைப் பிரித்து ஆராயத் தொடங்குவார், ஏனெனில் கண் எரிவதையே நாடும். அனுபவமுள்ளவரோ இரண்டு விளக்குகளையும் தொடாமல், அவ்விரண்டுக்கும் பொதுவான அந்த ஒரு வயரைத் தேடிச் செல்கிறார். பல காரணங்களைக் கற்பிப்பதைவிட ஒன்றைக் கற்பிப்பது சிறந்தது என்னும் லாகவ நியாயம், அவர் பெயரறியாமலே பின்பற்றும் நியாயம்.

இதனை எழுதும்போது, சங்கரன்கோவில் கோயிலின் தலபுராணம் நினைவுக்கு வராமல் இராது. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவருள் சங்கன் சிவனையே பெரியவன் என்றான். பதுமன் திருமாலையே பெரியவன் என்றான். வழக்கு முற்றி அம்பிகையாகிய கோமதியம்மனிடம் சென்றது. அம்பிகை இன்னார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. புன்னை வனத்தில் தவம் நின்றாள். ஆடி மாதத்து உத்திராட நாளில் வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணக் கோலம் அவளுக்குத் தெரிந்தது. இன்றும் அச்சந்நிதியில் தீர்த்தமும் கொடுக்கிறார்கள், திருநீறும் கொடுக்கிறார்கள். நாகங்களின் வழக்கை நோய்நாடும் கண்ணோடு பார்த்தால், அவற்றின் பிழை பக்தியில் இல்லை, அனுமானத்தில்தான் இருக்கிறது என்பது விளங்கும். இடத்து விளக்கும் வலத்து விளக்கும் வேறு வேறாகச் சிமிட்டுவதைக் கண்டு, அவற்றை இயக்குவனவும் வேறு என்று கொண்டன. முடிவில் தெரியும் வேற்றுமை மூலத்திலும் இருந்தே தீரும் என்னும் விதி எங்கும் இல்லை. ஒரு பிளாஷர்தான் இரு புறத்தையும் நடத்துகிறது. ஒரு புறம் சிமிட்டி மறுபுறம் சிமிட்டாத வண்டியில், பேட்டரி, பியூஸ், பிளாஷர் மூன்றையும் பட்டறைக்காரர் ஒரே மூச்சில் குற்றமற்றவை என்று விடுவித்துவிடுவது அக்காரணத்தால்தான். அருணந்தியார் எண்ணிய ஒழிபு என்னும் அளவை அதுவே. இவ்வொப்புமையை இதற்குமேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. பரம்பொருளைப் பிளாஷராக்கினேன் என்று சைவரும் வைஷ்ணவரும் ஒருங்கே சினங்கொள்வார்களானால், அந்த ஒற்றுமையாவது என்னால் விளைந்தது என்று மகிழ வேண்டியதுதான்.

காணாமையின் விசாரம் இறுதியில் கடவுளிடம் வந்து முட்டுகிறது. காணப்படாமையால் கடவுள் இல்லை என்று சார்வாகர் காலம் தொட்டுச் சென்ற நூற்றாண்டின் தமிழ்நாட்டு மேடைகள் வரை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 10ஆம் நூற்றாண்டினரான உதயனர், நியாய குசுமாஞ்சலியில் இதற்குக் கூறிய விடை பட்டறையில் கேட்ட அதே விடைதான்: காணத்தக்கதன் காணாமையே இன்மையை நிலைநாட்டும், ஈசுவரனோ புலன்களுக்குக் காணத்தக்கவன் அல்லன், ஆகவே உன் காணாமை அவனைத் தொடாது. சைவ சித்தாந்தி இன்னும் ஒருபடி சென்று, ஆணவ மலம் உன் அறிவை மறைத்திருக்கிறது, விளக்கு எரியாதது மின்சாரம் இல்லாமையால் அன்று, உன் கிளிப் பெயிண்டின்மேல் மாட்டியிருப்பதால் என்பான்.

வாதம் வலியது, ஆனால் இது எவ்வளவு தூரம் வெல்கிறது என்பதை ஆஸ்திகர்கள் நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். தகுதியற்ற காணாமை இன்மையை நிலைநாட்டாது என்று காட்டியதனால் உண்மை நிலைநாட்டப்பட்டுவிடவில்லை. எதிரியின் தீர்ப்புத் தள்ளுபடியாயிற்று, அவ்வளவே. உதயனர் இதனை நன்கறிந்திருந்தார். ஆதலால்தான் மறுப்பைத் தனி அத்தியாயத்திலும் ஈசுவர சாதகமான ஹேதுக்களை மற்றோர் அத்தியாயத்திலும் அமைத்தார். அவர் காட்டிய இந்த எச்சரிக்கையைப் பிற்காலத்துப் பிரசங்கிகள் பலர் கைவிட்டனர். ஒவ்வொரு காணாமையையும் காண்பவனுடைய குற்றமாகவே கணக்கெழுதும் பழக்கம் வேரூன்றிவிட்டால், எந்தக் காணாமையும் எதற்கும் சாட்சியாகாமற் போய்விடும். எரியாவிட்டால் லாம்பின் குற்றம், எரிந்தால் மின்சாரத்தின் பெருமை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டவன் சோதனை செய்யவில்லை, சடங்கு செய்கிறான்.

இங்கே பட்டறை விசாரத்துக்கும் கடவுள் விசாரத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்றையும் மறைக்கலாகாது. பட்டறைக்காரருக்குப் பேட்டரியின் முனை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. தம் லாம்பு எரியவல்லதா என்ற ஐயம் எழுந்தால் ஒரு கணத்தில் தொட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். தன் அறிவு கடவுளைக் காணத் தகுதியுடையதா என்பதை ஒருவன் எந்த முனையில் தொட்டுத் தெரிந்துகொள்வான்? குருவின் பார்வை என்பர் சிலர், சாஸ்திரம் என்பர் சிலர்; ஆனால் அம்முனையில் மின்சாரம் உண்டு என்பதையும் வேறொன்றால்தான் அறிய வேண்டியிருக்கிறது. கோமதியம்மன் கதையில் தீர்ப்புக்கு முன்னால் தவம் வைக்கப்பட்டிருப்பதை நான் இவ்வாறே பொருள்கொள்கிறேன்: தேவியே ஆயினும், காணும் தகுதியை அடையாமல் உண்டென்றோ இல்லையென்றோ, பெரிதென்றோ சிறிதென்றோ கூறத் துணியவில்லை. தவத்தினால் தகுதி வரும் என்பதற்கு அக்கதை பிரமாணமன்று. தகுதியைப் பற்றிய கவலை வழக்கைப் பற்றிய கவலைக்கு முற்பட வேண்டும் என்பதற்கு மட்டும் அது உதாரணம்.

தகுதியுள்ள கருவியும் தேர்ந்த கையும் இருந்தும் முடிவு கிடைக்காத வழக்குகளும் பட்டறைக்கு வருவதுண்டு. வண்டிக்காரர் மூன்று முறை வலப்புறம் எரியவில்லை என்கிறார். பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் முப்பது முறையும் எரிகிறது. லூஸ் காண்டாக்ட் என்பார்கள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது மட்டும் விலகி, சமதரையில் மறுபடி ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒரு முனை. வயர்க் கட்டை அசைத்துப் பார்க்கிறார்கள். ஹோல்டரைத் தட்டிப் பார்க்கிறார்கள். விளக்கு மட்டும் தவறாமல் எரிகிறது. இந்நிலையில் கோளாறு இல்லை என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொள்ளும் பட்டறைக்காரரும் உண்டு; ஏதோ ஒரு சுவிட்சைக் கழற்றி மாற்றிவிட்டுச் சரியாயிற்று என்பவரும் உண்டு. பூ வேன் பார்த்த அந்த மூத்தவர் இரண்டையும் செய்பவரல்லர் என்பதை அன்று மாலையே கண்டேன். நெசவுக்காரர் ஒருவருடைய சிறு லாரியை ஒரு மணி நேரம் பார்த்தபின், கூலி வேண்டாமென்று கைகாட்டி, “இப்ப எரியுது அண்ணாச்சி, இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஓட்டிப் பாருங்க. அடுத்த தடவ எரியலன்னா சுவிட்சத் தட்டாம, வண்டிய ஆஃப் பண்ணாம, அப்படியே இங்க கொண்டாந்துருங்க” என்றார்.